ஒன்று சேருவதற்கு என்ன விலை?

(குருபரப்பள்ளிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பிரிந்து கிடக்கும் நாடுகள் ஒன்று சேருவதால் லாபமா, நஷ்டமா என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம். அயர்லாந்து தேசத்தில் இந்த விவாதம் இப்போது பலமாய் நடந்துவருகிறது. அயர்லாந்து எங்கே, குருபரப்பள்ளி எங்கே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த விஷயத்தைப் பேச இதைவிடத் தகுந்த ஊர் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரம். இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் தமிழ். சந்தையில் மூன்றையும் கலந்து பேசித்தான் தக்காளிக்கு விலை தீர்க்கிறோம். நம்மைவிட எல்லையைப் பற்றிப் பேச யாருக்கு அதிக யோக்கியதை உண்டு?

தோழர்களே! ஒன்று சேரவேண்டும் என்கிறவர்கள் கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு குடியானவன் தன் பட்டாவைத் தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? கோர்ட்டில் தன்மேல் என்ன குற்றம் சொல்லுகிறார்கள் என்பது அவனுக்கு விளங்க வேண்டாமா? திருவாங்கூரிலிருந்த தமிழர்கள் இதற்காகத்தான் போராடினார்கள். 1954ஆம் வருஷம் ஆகஸ்டு 11ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்தார்கள். அதன் பலனாக 1956 நவம்பர் 1ந் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் நம்மோடு சேர்ந்தன. ஆனால் அவர்கள் கேட்ட தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. அதே நாளில் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்த கொள்ளேகாலம் மைசூரோடு போய்விட்டது. ஓசூர் இங்கேயே நின்றது. பிறகு ஆந்திரத்தோடு எல்லை திருத்தியபோது, 1960 ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி இங்கே வந்தது. இங்கிருந்து சில ஊர்கள் அங்கே போயின.

இப்படிக் கோடு போட்டபோது, அந்தக் கோட்டுக்கு இருபக்கமும் குடியிருந்தவனை ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டார்களா? கமிஷன் வந்தது, மனு வாங்கியது, ஜனக்கணக்கைப் பார்த்தது, முடிவைச் சொன்னது. ஒரு ஊர்க்காரனையாவது, “உனக்கு எந்தப் பக்கம் சம்மதம்?” என்று ஓட்டுச்சீட்டைக் கொடுத்துக் கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி எல்லையை மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டுக்குத்தான். சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. அதன்படி நடக்கவேண்டும் என்று இல்லை.

ஒன்று சேருவதென்பது சம்பந்தம் செய்துகொள்ளுவது மாதிரி. பேசி முடித்த காரியத்தை நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெலுங்கானாவைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 1955இல் அறிக்கை கொடுத்த அந்தக் கமிஷனே தெலுங்கானாவை உடனே ஆந்திரத்தோடு சேர்க்கவேண்டாம் என்றும், 1961ஐ ஒட்டி வரும் தேர்தலுக்குப் பிறகு அவர்கள் சட்டசபையில் மூன்றில் இரண்டு பங்குப்பேர் சம்மதித்தால் சேர்க்கலாம் என்றும் சொல்லியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. 1956 பிப்ரவரி 20ந் தேதி இருபக்கத்துத் தலைவர்களும் டில்லியில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தெலுங்கானாவின் வருமான மிச்சம் தெலுங்கானாவிலேயே செலவாக வேண்டும். உத்தியோகத்தில் உள்ளூரானுக்குப் பாதுகாப்பு வேண்டும். முதல் மந்திரி ஒரு பக்கமானால் துணை முதல் மந்திரி மறுபக்கம் என்றெல்லாம் எழுதினார்கள். நவம்பரில் மந்திரிசபை அமைந்தது. துணை முதல் மந்திரி என்று ஒருவரையும் போடவில்லை. எழுதிய மை காயுமுன்னே ஒப்பந்தம் பழங்காகிதமாயிற்று!

அதன் பலன் என்ன? 1969இல் தெலுங்கானா தெருக்களில் மாணவர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1972இல் மறுபக்கத்தார் “எங்களையும் பிரித்துவிடு” என்று கிளம்பினார்கள். கடைசியில் 2014 ஜூன் 2ந் தேதி இரண்டாகப் பிரிந்தார்கள். அப்போதும் ஆந்திரச் சட்டசபை வேண்டாம் என்று தீர்மானித்ததையும் மீறித்தான் டில்லி பிரித்தது. இருபக்கமும் தெலுங்குதான்! மொழி ஒன்று, சாதி ஒன்று, சாமியும் ஒன்று. ஆனாலும் 58 வருஷத்துக்குமேல் ஒன்றாய் இருக்க முடியவில்லை. ஆகவே ஒரே மொழி என்பது சேருவதற்குக் காரணமாகலாமே ஒழிய, சேர்ந்து இருப்பதற்கு அது மாத்திரம் போதாது என்பது விளங்குகிறதா இல்லையா?

இனி அயர்லாந்து சங்கதிக்கு வருவோம். 1921இல் அந்தத் தீவை இரண்டாக்கினார்கள். 26 ஜில்லாக்கள் தெற்கே தனி நாடாயின. 6 ஜில்லாக்கள் வடக்கே பிரிட்டனோடு நின்றன. தெற்கே கத்தோலிக்கர் அதிகம். வடக்கே அன்று புராட்டஸ்டண்டுகள் அதிகம். இருவருக்கும் ஒரே கிறிஸ்து, ஒரே பைபிள்! அப்படியிருந்தும் வடக்கே கத்தோலிக்கனுக்கு வீடு ஒதுக்குவதிலும் முனிசிபல் ஓட்டிலும் ஓரவஞ்சனை செய்தார்கள். டெர்ரி நகரத்தில் கத்தோலிக்கர் அதிகமாயிருந்தும், நகரசபை மட்டும் மற்றவர் கையில் இருக்கும்படி வட்டங்களை வெட்டி வைத்தார்கள். தெற்கே மட்டும் வாழ்ந்ததென்ன? பாதிரிமார் சொன்னதே சட்டம். 1935இல் கர்ப்பத்தடைச் சாதனங்கள் விற்பதைத் தடுத்தார்கள். 1995இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் விவாகரத்து உரிமை வந்தது. கருக்கலைப்புத் தடை 2018 வரையில் இருந்தது. “அவர்களோடு சேர்ந்தால் பாதிரி ஆட்சிதான்” என்று வடக்கே இருந்தவன் பயந்தான் என்றால், அந்தப் பயத்தை வளர்த்தது யார்? மதத்தைச் சர்க்காருக்குள் விட்டவர்கள் அல்லவா? 1960களின் கடைசியிலிருந்து 30 வருஷம் நடந்த கலகத்தில் 3,500 பேருக்குமேல் மாண்டார்கள்.

ஆனால் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டியதும் ஒன்று இருக்கிறது. 1998 ஏப்ரல் 10ந் தேதி ஒப்பந்தம் செய்து, மே மாதம் இருபக்கத்து ஜனங்களும் ஓட்டுப் போட்டு அதை ஒப்புக்கொண்டார்கள். அதன்படி வடக்கே பெரும்பாலோரும், தெற்கே பெரும்பாலோரும் தனித்தனியே சம்மதித்தால்தான் நாடு ஒன்றாகும். எந்த ஆட்சி வந்தாலும் அது இரு சமூகத்தாரையும் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும். வடக்கே பிறந்தவன் தன்னை ஐரிஷ்காரன் என்றோ, பிரிட்டிஷ்காரன் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளும் பாத்தியம் ஆட்சி மாறினாலும் போகாது. பார்த்தீர்களா! சேருவதற்கு முன்னாலேயே, சேர்ந்த பிறகு சிறுபான்மையாகப் போகிறவனுடைய உரிமையை எழுதிவிட்டார்கள்.

செலவுக் கணக்கையும் மறைக்கவில்லை. வடக்கே வரும் வரிக்கும் ஆகும் செலவுக்கும் உள்ள துண்டைப் பிரிட்டன் வருஷத்துக்குச் சுமார் 1,000 கோடி பவுன் கொடுத்து நிரப்புகிறது. சேர்ந்தால் இதை யார் கொடுப்பது? வருஷத்துக்கு 800 கோடி முதல் 2,000 கோடி யூரோ வரையில் 20 வருஷம் தாங்கவேண்டும் என்று 2024இல் பொருளாதாரப் பண்டிதர் இருவர் கணக்குக் கொடுத்தார்கள். பென்ஷன், கடன், பட்டாளச் செலவு இவற்றில் பெரும்பங்கு பிரிட்டனையே சேருமாதலால் இது மிகைக் கணக்கு என்று வேறு சிலர் மறுத்தார்கள். வடக்கே டாக்டரைப் பார்க்கக் காசில்லை. தெற்கே வைத்திய அட்டை இல்லாத பலர் காசு கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். “சேர்ந்தபிறகு என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பணம் கட்டுவது?” என்று அங்கே ஒரு தாய் கேட்டால், அவளைத் தேசத்துரோகி என்று சொல்லலாமா? அவள் கேட்பதல்லவா உண்மையான கேள்வி!

தோழர்களே! இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். காவேரித் தகராறு வந்தபோதெல்லாம் எல்லையின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? 1991 டிசம்பரில் பெங்களூரில் அடிபட்டு, மூட்டை முடிச்சோடு ஓசூர் வழியாய் ஓடிவந்தவர்கள் கூலிக்காரத் தமிழர்கள். 2016 செப்டம்பரில் அங்கே பஸ்கள் எரிந்தபோது, கைக்குழந்தையோடும் பெட்டியோடும் அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே எல்லையைத் தாண்டியவர்கள் ஏழை ஜனங்கள். கோடு போட்டவர்களோ, கொடி பிடிக்கச் சொன்னவர்களோ அந்த ரோட்டில் நடக்கவில்லை.

அங்கே தமிழனுக்கு நடந்தது அநியாயம் என்று நாம் சொல்லுகிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே வாயால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் 2006ஆம் வருஷச் சட்டப்படி தமிழ் படிக்கவேண்டியிருக்கிறது. இங்கே வாழுகிறவர் தமிழ் தெரிந்துகொள்ளுவது அவர்களுக்கே நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போதிய வாத்தியார் இருக்கிறாரா, புஸ்தகம் வேளைக்கு வருகிறதா என்று பார்ப்பது யார் கடமை? பெரும்பான்மையாயிருக்கும் நம்முடைய கடமையல்லவா? கோலாரில் உள்ள தமிழ்ப் பிள்ளைக்கு நாம் எதைக் கேட்கிறோமோ, அதை இங்கே அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டால்தான் நம் பேச்சுக்கு மரியாதை.

ஆதலால் நாளைக்கு யாராவது இங்கே வந்து, “ஓசூரை அங்கே சேர்” என்றோ, “அந்த ஊரை இங்கே சேர்” என்றோ மேடை போட்டால், அவரை விரட்டவும் வேண்டாம், மாலை போடவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே குடியிருப்பவனுடைய சம்மதத்தை ஓட்டுப் போட்டுக் கேட்பாயா? யார் எவ்வளவு பணம் கொடுக்கவேண்டும், ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்ற கணக்கைக் காட்டுவாயா? சேர்ந்தபிறகு சிறுபான்மையாகிறவனுடைய பாதுகாப்பை, மீறினால் கோர்ட்டில் கேட்கும்படியான சட்டமாய் எழுதுவாயா? மூன்றுக்கும் விடை சொன்னால், அப்போது சேருவதைப் பற்றி யோசிக்கலாம். சொல்லாமல் மொழித் தாய், இரத்த பாசம், முன்னோர் பெருமை என்று பாட ஆரம்பித்தால், விலைச்சீட்டை மறைத்துச் சரக்கு விற்க வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், எந்த மொழியில் யோசிக்க வருமோ அந்த மொழியில் யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் நாலுபேருக்குச் சொல்லுங்கள்.