பீரோவுக்குள் பூட்டிய இன்டர்நெட்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழுவின் சார்பில் ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் காரசாரமாகப் பேசப்பட்டன. ஒன்று, நமது அலுவலகத்தில் இன்டர்நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது, மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டி வேகமான திட்டத்துக்கு மாற வேண்டும் என்பது. இன்னொன்று, கணக்கு ஏற்றும் தங்கச்சி வேலையில் சுணக்கம் காட்டுகிறார், வேறு ஆள் பார்க்க வேண்டும் என்பது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். நான்கு குழுக்களின் கடன் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. தீர்மான நகல், பாஸ்புக் பக்கம், உறுப்பினர் போட்டோ எல்லாம் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் ஏறுவதற்குள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அக்காமார்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் கோபப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? நேரில் உட்கார்ந்து பார்க்காமலே, "பணியாளரிடம் வேகம் இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிட்டோம். அந்தத் தங்கச்சி தன் சொந்தக் காசில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்து, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பாதி வேலையை முடித்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல. தையல் பிரிவில் உள்ள நம் மூத்த உறுப்பினர் ஒருவர்தான். அவர் கேட்டார்: "பீரோவுக்குள்ள போனை மறந்து வச்சுட்டா, கூப்பிடுறவங்களுக்கு தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்காங்கன்னு சொல்லுதே. அந்த நெட்டு பொட்டியையும் பீரோவுக்குள்ளதானே பூட்டி வச்சிருக்கீங்க?"

எங்களுக்குச் சுருக்கென்றது. ஆமாம், திருட்டுப் பயத்தில் நாம்தான் தீர்மானம் போட்டு, இரும்பு பீரோவின் பின்பக்கம் ஓட்டை போட்டு, வயரை உள்ளே விட்டு அந்தப் பெட்டியை வைத்துப் பூட்டினோம். ரவுட்டர் என்பது அந்தப் பெட்டிதான். கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டை ரேடியோ அலையாக மாற்றி நம் செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அது அனுப்புகிறது. அந்த அலையை இரும்பு மறித்துவிடும். காற்று போகாமல் பெட்டியும் சூடாகிவிடும்.

உடனே சோதித்துப் பார்த்தோம். நாம் பணம் கட்டுவது 40 எம்பிபிஎஸ் வேகத்துக்கு. பெட்டியில் நேரடியாகக் கேபிள் செருகிப் பார்த்தபோது 38 வந்தது. அதாவது கம்பெனிக்காரர்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்து அறையில், தங்கச்சி உட்காரும் மேசையில் பார்த்தால் ஒன்றரை! பிராட்பேண்டு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் வரையறுத்தது. அந்த அளவுகூட அவருக்கு வரவில்லை. பெட்டியை வெளியே எடுத்து, இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினோம். அதே மேசையில் 31 வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை. திருட்டுப் பயத்துக்கு அறைக் கதவையே பூட்டிக்கொள்கிறோம்.

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. தெருக்குழாய் வரை வேகமாக வருகிறது. நம் வாசலில் ரப்பர் டியூப் மடங்கிக் கிடந்தால் குடம் நிறையுமா? அதற்காக இன்னொரு தொட்டி கட்டச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுப்போமா? நாம் செய்ய இருந்தது அதைத்தான்.

இப்போது உங்களில் பலர் வீட்டில், பிள்ளைகள் படிப்புக்கென்று இந்தப் பெட்டியை மாட்டியிருக்கிறீர்கள். அதனால் வேகம் குறைந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் விளக்கைப் பாருங்கள். கண்ணாடி இழைக் கேபிள் வந்து சேரும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது கம்பெனிக்காரர் வேலை. போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அந்த மெல்லிய கேபிளை ஆணியில் சுற்றி மடக்கிக் கட்டாதீர்கள்.

இரண்டாவது, பெட்டியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். மறுபடி இணைய ஐந்து நிமிடம் கொடுங்கள். தினமும் இப்படிச் செய்தால்தான் வேலை செய்கிறது என்றால் பெட்டியிலோ, அதன் அடாப்டரிலோ பழுது இருக்கலாம்.

மூன்றாவது, வேகத்தை அளந்து பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் "மைஸ்பீட்" செயலி இதற்கு உதவும். செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முறை, வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு முறை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நன்றாக இருந்து தூரத்தில் குறைந்தால் கோளாறு நம் வீட்டுக்குள். பக்கத்திலேயே குறைவு என்றால் கேபிள் செருகிப் பாருங்கள். அதிலும் குறைவு என்றால் கம்பெனியைக் கேளுங்கள். மாதத்துக்குரிய டேட்டா அளவு தீர்ந்துவிட்டாலும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், அதையும் கேளுங்கள்.

நான்காவது, இடம். பீரோவுக்குள், டிவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் ஓரத்தில், தண்ணீர் டிரம் பக்கத்தில், தரையில் வைக்காதீர்கள். இரும்பு அலையை மறிக்கும், தண்ணீர் உறிஞ்சும், கனமான சுவர் குறைக்கும். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது, பல பெட்டிகளில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 என்பது தூரம் போகும், வேகம் குறைவு. 5 என்பது வேகம் அதிகம், சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். அதே அறையில் இருந்தால் 5, அடுத்த அறை, திண்ணை என்றால் 2.4 போடுங்கள்.

ஆறாவது, யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று பாருங்கள். பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டினால் தெருவே உபயோகிக்கும். நம் அலுவலகத்தில் பதினேழு செல்போன்கள் சேர்ந்திருந்தன, எங்களுடையதும் உட்பட! கையில் எடுக்காவிட்டாலும் அவை தானாகப் போட்டோ ஏற்றிக்கொண்டும் செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். இனி அது தலைவியிடமும் கணக்கு ஏற்றும் பணியாளரிடமும் மட்டும் இருக்கும்.

இன்னொன்று. 40 எம்பிபிஎஸ் என்றால் ஒரு விநாடிக்கு 40 எம்பி இறங்கும் என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அதை எட்டால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 5 எம்பிதான். இது தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்றவும் முடியாது, நாமும் வீணாகச் சண்டைக்குப் போக மாட்டோம்.

சகோதரிகளே, வேலை நடக்கவில்லை என்றால் முதலில் ஆளைத்தான் குறை சொல்கிறோம். அதுவும் சின்னப் பெண், ஏழை வீட்டுப் பெண் என்றால் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பெட்டியைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒரு பெண்ணின் வேலை போனால் பத்து நிமிடத்தில் திரும்ப வராது. எங்கள் அறிக்கையில் எழுதிய அந்த வரியை அடித்துவிட்டோம். அவர் செலவழித்த ரீசார்ஜ் பணத்தைக் கூட்டமைப்பு திருப்பித் தர வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் கேட்டுக்கொள்கிறோம். கூடுதல் பணம் கட்டி வேறு திட்டத்துக்கு மாறும் தீர்மானத்தையும் கைவிடலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒருவர் செல்போனிலாவது வேகத்தை அளந்து பாருங்கள். "என் மகன் பார்த்துக்குவான்" என்று விடாமல் நீங்களே விரலால் தொட்டுச் செய்யுங்கள். பேங்க் சலானைக் கண்டு ஒரு காலத்தில் பயந்தவர்கள்தானே நாம்? இன்று மற்றவர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கிறோம். இதுவும் அப்படித்தான் கைக்கு வரும்.

அந்தத் தங்கச்சி இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்து போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.