பட்டின்றியும் பொலியும் பூத்தையல்

(மாகறலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

 

காஞ்சி மாநகருக்கும் உத்திரமேரூருக்கும் இடையே சேயாற்றங்கரையில் அமைந்தது மாகறல். தறியின் ஓசை கேட்டு வளர்ந்தது இவ்வட்டாரம். இங்கே ஆடையின் அழகு தறியிலேயே பிறக்கிறது. கோர்வை முறையில் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டு ஒன்றாகின்றன. நெய்து முடிந்த சேலையில் ஊசிக்கு வேலையில்லை. பாரதத்தின் வேறு பல பகுதிகளிலோ, தறி நின்ற பிறகே அழகு தொடங்குகிறது. வெறுந்துணியில் ஊசியாலும் நூலாலும் உருவம் படைக்கும் அக்கலையே பூத்தையல். சமணத் துறவியாகப் போற்றப்படும் இளங்கோவடிகளும் புகார் நகரை வருணிக்கையில், நெய்வோரையும் துணி தைக்கும் துன்னகாரரையும் தனித்தனியே குறித்துள்ளார்.

இக்கலையைச் சமணக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கக் காரணம் உண்டு. திருமணம் என்றாலே பட்டு என்பது வழக்கமாகிவிட்டது. கூட்டினுள் இருக்கும் புழு அந்துப்பூச்சியாகித் துளைத்து வெளிவந்தால் இழை அறுந்துவிடும். எனவே, அதற்கு முன்பே வெப்பத்தால் அதனைக் கொன்று இழை எடுக்கின்றனர். ஒரு சேலைக்காக மடியும் உயிர்கள் ஆயிரக்கணக்கில். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லத்தின் மங்கல நாளுக்கு இத்தகைய ஆடை பொருந்துமா? காஞ்சி சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளும் இதே காரணம் பற்றிப் பட்டை விலக்குமாறு அறிவுறுத்தினார். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரிலிருந்தே எழுந்த குரல் அது.

‘பட்டில்லையேல் பொலிவு ஏது?’ என்பாருக்குப் பருத்தியில் மலர்ந்த பூத்தையல் மரபுகள் விடையளிக்கின்றன.

இலக்னோவின் சிக்கன் வேலையில் வெண்துணி மீது வெண்ணூலே அழகு செய்கிறது. மரஅச்சினால் பதித்த நீலக்கோடுகளின் மேல் பெண்கள் தைப்பர். பின்னர் வெளுத்தால் கோடு மறையும், பூ நிற்கும். வங்கத்துக் கந்தாவோ சிக்கனத்தில் பிறந்தது. பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையலால் மெத்தென்ற போர்வையாக்கினர் பாட்டிமார். கிழிந்ததையும் எறியாத அந்த மனம், மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கு நெருங்கிய உறவுடையது.

சமணம் தழைத்த கன்னட நாட்டிலே, தார்வாட்டுப் பக்கத்தின் கசூதி வேலை பெயர் பெற்றது. துணியின் இழைகளை எண்ணி எண்ணி, கோபுரம், தேர், துளசிமாடம் முதலிய உருவங்களை அமைப்பர். முடிச்சுப் போடுவதில்லை. அதன் சில தையல்கள் இருபுறமும் ஒன்றுபோலவே தோன்றும். நம் தமிழகத்திலோ, நீலமலைத் தோதவப் பெண்கள் வரைபடம் எதுவுமின்றி, வெண்பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூல்களால் கோலம் படைக்கின்றனர். இதற்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

எனினும், பூத்தையல் அனைத்தும் பட்டு நீங்கியவை என்று கொள்ளல் ஆகாது. பஞ்சாபின் புல்காரி, கதர்த்துணியில் முறுக்கேறாப் பட்டு நூலால் தைக்கப்படுவது. மரபு வழிச் சரிகையின் உள்ளிழையும் பட்டே. அதன்மேல்தான் வெள்ளியும் பொன்முலாமும் ஏறுகின்றன. ஆதலால், பருத்தி ஆடையே ஆயினும் சரிகையின் உள்ளீட்டைக் கேட்டறிந்து வாங்குதல் வேண்டும். தைக்கும் நூல் யாது என்பதையும் வினவுதல் நலம்.

மற்றொன்றும் உண்டு. இன்று மணப்பெண்ணின் இரவிக்கைக்கு ஆரி வேலை செய்வது ஊர்தோறும் பரவியுள்ளது. சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையலிடும் பெண்கள் பலர், வீட்டிலிருந்தே அவ்வருவாயால் குடும்பம் நடத்துகின்றனர். கணிப்பொறி இயக்கும் எந்திரமோ அதே உருவத்தைச் சில மணி நேரத்தில் தைத்துவிடுகிறது. எந்திரத்தை இகழ வேண்டுவதில்லை. எந்திர வேலையைக் கைவேலை என விற்பதே வாய்மைக்கு மாறானது. துணியைத் திருப்பிப் பாருங்கள். எந்திரத் தையலின் பின்புறத்தில் பெரும்பாலும் வேறொரு அடிநூல் ஓடும். கைவேலை என்று தெளிந்தபின் கூலியில் பேரம் பேசாதீர்கள். கண்ணொளியைச் செலவிட்டு உழைப்பவர்க்கு உரிய கூலியைக் குறைப்பதும் ஒருவகை இம்சையே.

நெசவாளரைக் கைவிடுவது இவ்வுரையின் நோக்கமன்று. பட்டு நெய்த கைகளுக்குப் பருத்தி நெய்யவும் தெரியும். கேட்பவர் இருந்தால் நெய்வார்கள். வரும் தை மாதத் திருமணங்களில் ஒரு சேலையேனும் பருத்தியாக அமையட்டும். அதன் ஓரத்தில் வீட்டுப் பெண்களே ஒரு பூவைத் தைக்கட்டும். அச்சேலை பேத்தியின் கைக்குச் செல்லும் நாளில், அதை யார் தைத்தார் என்ற கதையும், எவ்வுயிரும் வருந்தாமல் பிறந்தது என்ற நிறைவும் அதனுடன் செல்லும்.