ஒலிபெருக்கிக் கூம்பும் ஆட்டுத் தோலும்



நெமிலிப் பகுதியில் மாரியம்மன் திருவிழா என்றால் ஒருபுறம் பறை முழங்கும். மறுபுறம் ஒலிபெருக்கிப் பெட்டி பாடும். இரண்டும் வேறு வேறு என்று எண்ணுகிறோம். ஆனால், இரண்டிலும் நடப்பது ஒன்றே. மெல்லிய பரப்பு ஒன்று அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. பறையில் அப்பரப்பு தோல். பெட்டியில் அது பெரும்பாலும் காகிதக் கூம்பு.

கூம்பின் அடியில் கம்பிச் சுருளும் அதைச் சூழ்ந்து காந்தமும் உள்ளன. மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பையும் அசைக்கிறது. இன்றைய பெட்டிகளுக்கு முன்மாதிரியான அமைப்பை 1925ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் வெளியிட்டனர்.

கூம்புக்கு 3 குணங்கள் வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். விறைப்பாக இருக்க வேண்டும். தேவையற்ற அதிர்வு உடனே அடங்க வேண்டும். காகிதக் கூழில் இம்மூன்றும் ஓரளவு ஒருங்கே அமைகின்றன. மரக்கூழை நீரில் கரைத்து, கூம்பு வடிவக் கம்பி வலையில் படியவைத்து, அழுத்தி உலர்த்துகின்றனர். இலவம் பஞ்சு, கம்பளி இழை ஆகியவற்றைக் கலப்பதும் உண்டு. இலவம் இழை உள்ளே குழலாக இருப்பதால் எடை மிகக் குறைவு. ஈரம் தாங்க வேண்டிய இடங்களில் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் கூம்பு பயன்படுகிறது.

கூம்பைச் சட்டத்துடன் இணைக்கும் விளிம்பு வளைந்து கொடுக்க வேண்டும். தொடக்க கால ஒலிபெருக்கிகள் பலவற்றில் இதற்கு மெல்லிய பதனிட்ட தோலையே ஒட்டினர். இன்று ரப்பர், துணி, நுரைப் பொருள் ஆகியவை பயன்படுகின்றன. நுரை விளிம்பு நாளடைவில் உதிர்ந்துவிடும்.

விளிம்பானாலும், பறையானாலும், ஆம்பூர்க் காலணியானாலும் தோலில் ஓட்டையும் தழும்பும் இருந்தால் மதிப்பு இல்லை. அந்தக் குறைகளில் பல நம் பட்டியிலேயே தொடங்குகின்றன. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. முள்கம்பி வேலியில் ஆடு உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடலில் சூடு போடாதீர்கள்.

2. உண்ணி, பேன் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துங்கள். ஆட்டம்மைத் தடுப்பூசியை உரிய காலத்தில் போடுங்கள்.

3. விழாக்காலத்தில் வீட்டில் ஆடு அறுத்தால், தோலைக் கத்தியால் சுரண்டாமல் கைமுட்டியால் தள்ளி உரியுங்கள்.

4. உரித்த 3 அல்லது 4 மணி நேரத்திற்குள் கழுவி, நீர் வடித்து, நிழலில் சதைப்புறம் மேலாக விரித்து உப்பிடுங்கள். தோல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு வேண்டும். அதாவது 2 கிலோ தோலுக்கு 800 கிராம். வெயிலில் தரையில் பரப்பினால் மேற்புறம் காய்ந்து உட்புறம் அழுகும்.

உப்புக்குச் செலவாகும் சில ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் முழுத் தோலையும் இழக்க வேண்டாம். அடுத்த திருவிழாவில் பறை முழங்கும்போது இதனை நினைவில் கொள்ளுங்கள்.