குழாய்வழி வாயுவும் இல்லத்து அடுப்பும்

(பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரை)

இல்லங்களுக்குக் குழாய்வழியே இயற்கை வாயு வழங்கும் பணி இந்தியாவுக்குப் புதியதன்று. அசாம் எரிவாயு நிறுவனம் 1962ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. வதோதராவில் குழாய்வழி வழங்கல் 1972இல் தொடங்கியது. மும்பையில் 1995லும், தில்லியில் 1998லும் இதற்கெனத் தனி நிறுவனங்கள் தோன்றின. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெட்ரோலிய, இயற்கை வாயு ஒழுங்காற்று வாரியம் ஏற்பட்ட பின்னர் இப்பணி பல மாநிலங்களுக்கும் விரிந்தது. 2024 மார்ச் முடிவில் இல்ல இணைப்புகள் ஏறத்தாழ 1.3 கோடியாக இருந்தன. சிலிண்டர் இணைப்புகளோ 30 கோடிக்கும் அதிகம். எனவே, சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும் குடும்பங்களின் தொகை இனிவரும் ஆண்டுகளில் மிகப் பெரிதாக இருக்கும்.

இம்மாற்றம் பற்றிய விவாதங்களில் குழாயின் நீளமும் இணைப்புகளின் எண்ணிக்கையும் பெறும் கவனத்தை அடுப்பு பெறுவதில்லை. ஆனால் எரிபொருள் பயன்படுவதும் வீணாவதும் அடுப்பில்தான். அடுப்பு முறையாக மாற்றியமைக்கப்படாவிடில், பெருமுதலீட்டில் கொணரப்படும் வாயுவின் ஒரு பகுதி பயனின்றிப் போகும். சில வேளைகளில் உயிருக்கும் இடர் நேரும்.

இரு வாயுக்களின் இயல்பு

சிலிண்டரில் அடைக்கப்படுவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. குழாயில் வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 9.5 பங்கு காற்று போதும். புரொப்பேனுக்கு 24 பங்கும், பியூட்டேனுக்கு 31 பங்கும் தேவை. கன அளவை ஒப்பிட்டால், சிலிண்டர் வாயு தரும் வெப்பம் இயற்கை வாயுவினுடையதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 18 கன மீட்டர் இயற்கை வாயு தேவைப்படும்.

அழுத்தத்திலும் வேறுபாடு உண்டு. சிலிண்டரின் ரெகுலேட்டர் வழியே வாயு சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் அடுப்பை அடைகிறது. குழாய்வழி வாயு சுமார் 21 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. வெப்பச் செறிவும் அழுத்தமும் குறைவாக இருப்பதால், அதே அளவு வெப்பம் பெற ஜெட்டின் வழியே கூடுதல் வாயு செல்ல வேண்டும். இரு வாயுக்களின் அடர்த்தியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஜெட்டின் துளைப்பரப்பு ஏறத்தாழ இரு மடங்காக வேண்டும் என்பது புலனாகும்.

மாற்றும் முறை

எனவே மாற்றியமைப்பின் மையம் ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துண்டு. ஒவ்வொரு பர்னருக்கும் அதன் திறனுக்கேற்ற துளையளவு கொண்ட புதிய ஜெட் பொருத்தப்பட வேண்டும். பின்னர் காற்றுக் கலப்பைச் சரிசெய்து, தழல் நீலமாகவும் நிலையாகவும் இருப்பதைப் பார்க்க வேண்டும். தீயைக் குறைத்து வைக்கும்போது அது அணையாமலும், முழுத் தீயில் பர்னரை விட்டு எழும்பாமலும் இருத்தல் வேண்டும். வால்வு, குழல், இணைப்புகள் ஆகியவற்றில் கசிவு உண்டா என்பதைச் சோப்பு நீரிட்டுச் சோதிப்பது இறுதிக் கட்டம்.

பழைய ஜெட்டின் துளையையே கம்பியாலோ துளைப்பானாலோ அகலப்படுத்துவது முறையற்றது. அவ்வாறு செய்த துளை வட்டமாகவோ சீராகவோ அமையாது. ஜெட் சரியாக இருப்பினும், பர்னர் வேறொரு வாயுவுக்கென வடிவமைக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. இதனை உணர்ந்தே இந்தியத் தர நிர்ணய அமைவனம் குழாய்வழி வாயு அடுப்புகளுக்கென 2019இல் தனித் தரக்குறியீடு வெளியிட்டது. தேராதூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகமும் இயற்கை வாயுவுக்கேற்ற பர்னரை வடிவமைத்துள்ளது.

வெந்நீர் கொதிகலனின் நிலை இன்னும் கடினமானது. அதில் பல ஜெட்டுகளும், நீரோட்டத்தோடு இயங்கும் வால்வும், புகைபோக்கும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் அந்த மாதிரிக்கென மாற்று உறுப்புகளை வழங்காவிடில் அதனை மாற்றியமைக்க முயலாதிருத்தலே நன்று. காற்றோட்டமற்ற குளியலறைகளில் வாயுக் கொதிகலனிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடால் நேர்ந்த மரணங்கள் இந்நாட்டில் பலமுறை பதிவாகியுள்ளன.

திரும்ப மாற்றும்போது எழும் இடர்

சிலிண்டர் அடுப்பை மாற்றாமல் குழாயில் இணைத்தால் தழல் சிறுத்துவிடும், சமையல் தாமதமாகும். குடும்பத்தினர் இதை உடனே உணர்ந்து முறையிடுவர். எதிர்த்திசை மாற்றமே அஞ்சத்தக்கது. இயற்கை வாயுவுக்கான பெரிய துளை ஜெட்டுகள் கொண்ட அடுப்பைச் சிலிண்டரில் இணைத்தால் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்துக்குரிய வாயு வெளிப்படும். அதற்கேற்ற காற்று கிட்டாது. தழல் மஞ்சளாகி உயரும். பாத்திரங்களில் கரி படியும். கார்பன் மோனாக்சைடு உண்டாகும்.

இது அரிதாக நிகழக்கூடிய ஒன்றன்று. குழாய் உள்ள நகரிலிருந்து குழாய் இல்லாத ஊருக்கு மாற்றலாகும் அரசு ஊழியர் தம் அடுப்பையும் உடன் எடுத்துச் செல்கிறார். வாடகை வீடு மாறுவோரும் அவ்வாறே. பழைய அடுப்பை உறவினருக்குக் கொடுப்போரும், கடையில் விற்போரும் உளர். அந்த அடுப்பு எந்த வாயுவுக்கு அமைக்கப்பட்டது என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது.

கசிவின் இயல்பும் மாறுகிறது. சிலிண்டர் வாயு காற்றினும் கனமானது, தரைமட்டத்தில் தேங்கும். இயற்கை வாயு காற்றினும் இலேசானது. கூரையை நோக்கி எழும். ஆகவே முன்னதற்குத் தாழ்வான காற்றுவழியும், பின்னதற்கு மேற்புறக் காற்றுவழியும் தேவை. இதனை இல்லத்தரசியருக்கு எடுத்துரைப்பது மாற்றியமைப்பின் ஒரு பகுதியே ஆகும்.

பிற நாட்டு அனுபவம்

ஒரு நாடு முழுவதும் வாயு மாறியபோது இப்பொறுப்பு எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதற்குப் பிரிட்டன் சான்றாகும். நிலக்கரி வாயுவிலிருந்து வடகடல் இயற்கை வாயுவுக்கு அந்நாடு 1967 முதல் 1977 வரை மாறியது. சுமார் 1.3 கோடி நுகர்வோரின் சாதனங்கள் பகுதி பகுதியாக, வீடு வீடாக மாற்றப்பட்டன. வாயு வழங்கிய பொதுத்துறையே அப்பணியை மேற்கொண்டது. சாதனத்தை மாற்றியமைப்பது வாயு வழங்குதலின் அங்கம் என்பது அங்கு ஏற்கப்பட்ட கொள்கை.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்குக் குழாயும் சிலிண்டரும் நெடுங்காலம் அருகருகே நிலவும். ஆதலால் மாற்றம் ஒருமுறையோடு முடிவதில்லை. அடுப்புகள் இருபுறமும் போய்வந்து கொண்டிருக்கும்.

செய்யத்தக்கவை

இதில் பொருளியல் நோக்கும் அடங்கியுள்ளது. நாட்டின் சமையல் வாயுத் தேவையில் ஏறத்தாழ அறுபது சதவீதமும், இயற்கை வாயுத் தேவையில் ஏறத்தாழ பாதியும் இறக்குமதியால் நிறைவேறுகின்றன. ஆனால் திறன் குன்றிய பர்னரால் நேரும் இழப்பு எந்தக் கணக்கிலும் தனியே இடம்பெறுவதில்லை. நிறுவனத்துக்கு அது விற்பனை. நுகர்வோருக்கு அது சற்றே உயர்ந்த பில். இழப்பைத் தாங்குவது நாடு.

எனவே சில எளிய நடைமுறைகள் இன்றியமையாதவை. மாற்றப்பட்ட ஒவ்வோர் அடுப்பிலும் எந்த வாயுவுக்குரியது என்னும் அழியாத சீட்டு ஒட்டப்பட வேண்டும். அதில் மாற்றிய நாளும் இருக்க வேண்டும். கழற்றிய பழைய ஜெட்டுகள் உறையிலிட்டு நுகர்வோரிடமே ஒப்படைக்கப்பட வேண்டும். இணைப்பைத் துண்டிக்கும் நாளில் அடுப்பைத் திரும்ப மாற்றித் தருவதும் நிறுவனத்தின் கடமையாக வேண்டும். புதிய சிலிண்டர் இணைப்பு வழங்கும் முகவர் ஜெட்டைச் சோதித்த பின்னரே அடுப்பை ஏற்றி வைத்தல் வேண்டும். இப்பணிக்கெனத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சி அளித்தால் இளைஞர் பலருக்கு வேலைவாய்ப்பும் கிட்டும்.

இணைப்புகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் தொகுக்கும் அலுவலர்கள், முறையாக மாற்றிச் சோதிக்கப்பட்ட அடுப்புகளின் எண்ணிக்கையையும் அதே படிவத்தில் கேட்டுப் பெறத் தொடங்கினால், திட்டத்தின் பயன் இல்லங்களை எந்த அளவு எட்டியுள்ளது என்பது தெளிவாகும்.