வெட்டலாம், நெரிக்கக்கூடாது



ஊரில் இருந்து அம்மாவை ஒஸ்லோவுக்கு அழைக்கிறோம். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் படம் 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். அடுத்த வருடம் நாங்கள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகப் புறப்படுகிறோம். இந்திய விசாவுக்கு இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், சரிசதுரம். ஒஸ்லோவின் குறொன்லாண்டில் இருக்கிற நேயர்களில் பலருக்கு இந்த இரண்டு அளவும் பழக்கம்தான். ஆனால் ஒன்றை வெட்டி மற்றதாக்கிவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல்.

பயண ஆவணப் படத்தில், நாடியில் இருந்து உச்சி வரை, படத்தின் உயரத்தில் 70 முதல் 80 வீதம் இருக்கவேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அதாவது 45 மில்லிமீற்றரில் ஏறக்குறைய 32 முதல் 36 வரை முகமே நிற்கும். அந்தப் படத்தைச் சதுரமாக வெட்டினால் மிஞ்சுவது 35க்கு 35. முகம் சட்டத்தை முட்டும். உச்சியோ நாடியோ போய்விடவும் கூடும். அதனால்தான் முதலில் சற்றுத் தள்ளி நின்று, நான்கு பக்கமும் வெறும் சுவர் தெரிய எடுக்கவேண்டும். அப்படி எடுத்த ஒரு படத்தில் இருந்து இரண்டு அளவும் வெட்டலாம்.

வீட்டுப் படங்களிலும் இதே கணக்குத்தான். பெரும்பாலான கைபேசிகள் எடுக்கும் படம் நான்குக்கு மூன்று. கடையில் அச்சிடும் வழமையான தாளோ 15 சென்ரிமீற்றருக்கு 10. அகலத்தை 15 ஆக வைத்தால் நம் படத்தின் உயரம் 11.25 வரும், தாளில் இடம் பத்துத்தான். மிச்சம் ஒன்றேகால் சென்ரிமீற்றர் வெட்டுப்படும். பிறந்தநாள் படத்தில் பின்வரிசையில் நின்ற பெரியப்பாவின் தலை போவது இப்படித்தான். தொலைக்காட்சித் திரை இன்னும் அகலம், 16க்கு 9. அங்கே வெட்டு இன்னும் ஆழமாக விழும்.

வெட்டும்போது போவது வெறும் ஓரம் என்று எண்ணவேண்டாம். நோர்வே ஓவியர் எட்வார்ட் மூங்கின் ‘அலறல்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ளது நமக்குப் பக்கத்து எக்கபெர்க் மலையில் இருந்து தெரியும் காட்சி. 1893இல் அவர் தீட்டியது ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது: உயரம் 91 சென்ரிமீற்றர், அகலம் 73.5. கோப்பையிலும் கைபேசியின் சின்ன வட்டத்திலும் பலர் பார்ப்பது அந்த முகத்தை மட்டும். முழு ஓவியத்தில் இடப்பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பாராமல் நடந்து போகிறார்கள். கூட வந்த நண்பர்கள் போய்விட, தான் மட்டும் நடுங்கி நின்றதாக மூங்க் எழுதிவைத்தார். அந்த இருவரையும் வெட்டிவிட்டால் பயம் மிஞ்சும்; தனிமை போய்விடும்.

நம் கண்ணீர் அஞ்சலிப் படங்களும் பெரும்பாலும் கல்யாண வீட்டுக் கூட்டப் படத்தில் இருந்து வெட்டியவைதான். பக்கத்தில் நின்றவரின் தோள் துண்டு மட்டும் ஓரத்தில் தெரியும். அந்த அவசரத்தில் வேறு வழியில்லை. ஆனால் வெட்டிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் படத்தைத் தொலைத்துவிடுகிறோமே, அதுதான் இழப்பு.

இன்னுமொன்று. படம் அளவுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தோ நெரித்தோ பொருத்தாதீர்கள். ஒல்லியானவர் பருத்துப்போவார், விசாப் படம் என்றால் நிராகரிப்பார்கள். வெட்டும் செயலியில் முதலில் விகிதத்தைப் பூட்டுங்கள். பிறகு சட்டத்தை நகர்த்தி, யார் உள்ளே, யார் வெளியே என்று பார்த்து வெட்டுங்கள். வெட்டியதை வேறு பெயரில் சேமியுங்கள். மூலப்படத்தின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். நாளைக்கு என்ன அளவு கேட்பார்கள் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.