தண்ணீர் எங்கே தேங்குகிறது?



பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: சூழலுக்கு ஏற்ப உங்களை மாற்றிக்கொள்ளுங்கள். தாவரவியலும் விலங்கியலும் படித்தவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் அவையில் அதைச் சொல்லிவிட்டுப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எந்த மரமும் தீர்மானம் போட்டு மாறியதில்லை. அந்தந்த இடத்துக்குப் பொருந்தியவை கூடுதலாகப் பிழைத்தன, கூடுதலாக விதை போட்டன. எண்ணற்ற தலைமுறைகள் அப்படிக் கழிந்தன.

அப்படிப் பொருந்திய மரங்கள் நிற்கும் இடம், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு. உங்களில் பலர் படகில் போய் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அடுத்த முறை போனால் வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். வேர்வழி ஏறிய உப்பை அந்த மரம் இலைச் சுரப்பிகள் மூலம் வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறினால் இலைமேல் உப்புப் பொடி மினுங்கும். (இந்தச் சோதனையைத் தில்லை மரத்திடம் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.) பக்கத்தில் நிற்கும் சுரபுன்னையின் வழி வேறு. உப்பின் பெரும்பகுதியை அது வேரிலேயே தடுத்து நிறுத்திவிடும். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதற்கு வெண்கண்டல் மூச்சு வேர்களை மேலே நீட்டுகிறது, சுரபுன்னை முட்டு வேர்களை இறக்கி அவற்றின் துளைகள்வழி சுவாசிக்கிறது. சுரபுன்னை விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்டு தொங்கி, அதன்பிறகே விழும். விழுந்த இடத்தில் குத்தி நிற்கும். இல்லையென்றால் மிதந்துபோய் வேறெங்காவது வேர்விடும்.

இத்தனை கெட்டிக்கார மரங்களும் ஒரு கட்டத்தில் தோற்றன. ஆங்கிலேயர் காலத்திலிருந்து இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டிவந்தார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோலக் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. வற்ற வற்ற உப்பு ஏறியது. உப்பிலேயே வாழப் பழகிய வெண்கண்டலால்கூட அங்கே தலையெடுக்க முடியவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மரத்தைக் குறை சொல்லாமல் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள்; மீன்முள் வடிவம் என்பார்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது வெளியே போனது, மண்ணில் உப்பு குறைந்தது. அதன்பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன.

“அவனுக்கு ஒத்துப்போகத் தெரியவில்லை” என்று வேலையிடத்தில் யாரையாவது சுட்டிக்காட்டுவார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அவன் நிற்கும் இடத்தையும் போய்ப் பாருங்கள்.

கடலோரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அலையாத்திக் கன்று நடும் விழாவுக்கு உங்களையும் அழைப்பார்கள். பேனரும் கேமராவும் தயாராக இருக்கும். குழி தோண்டுமுன் அந்த மண்ணின் உப்பை அளக்கச் சொல்லுங்கள். ஓதம் வந்து போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால், முதலில் வாய்க்கால் வெட்டச் சொல்லுங்கள்.