பதிவேட்டில் ஒரு பெயர்: குறியீட்டு இடைவினைக் கோட்பாடும் அன்றாட வாழ்வும்

தாலுகா அலுவலகத்தில் மனுவுடன் நிற்கும் முதியவர் ஒருவரிடம் எழுத்தர் தலை நிமிராமல் “என்ன?” என்று கேட்கலாம், “உட்காருங்கள் ஐயா, என்ன வேண்டும்?” என்றும் கேட்கலாம். கேட்கப்படும் செய்தி ஒன்றே. மனுவின் முடிவும் ஒன்றாகவே அமையலாம். ஆயினும் முதற்கேள்விக்குப் பின் முதியவரின் குரல் தாழ்கிறது; தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போகிறது; சொல்ல வந்ததில் பாதியை அவர் விழுங்கிவிடுகிறார். அவ்வலுவலகம் தம்மை யாராகக் கருதுகிறது என்பதை அந்த ஒரு சொல்லிலேயே அவர் படித்துவிட்டார். எழுத்தரோ, இவர்களுக்கு எதையும் தெளிவாகச் சொல்லத் தெரியாது என்ற தம் பழைய முடிவுக்கு மேலும் ஒரு சான்று கிடைத்ததாக எண்ணிக்கொள்கிறார்.

இத்தகைய சிறு நிகழ்ச்சிகளிலேயே சமூகம் நாள்தோறும் உருவாகிறது என்று கூறுவது குறியீட்டு இடைவினைக் கோட்பாடு. 1937ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கியவர் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஹெர்பர்ட் புளூமர். 1969இல் வெளிவந்த தம் நூலில் அவர் அதன் அடிப்படைகளை வகுத்துக் கூறினார். மனிதர் ஒன்றன்பால் நடந்துகொள்ளும் விதம், அதற்குத் தாம் கொண்டுள்ள அர்த்தத்தைப் பொறுத்தது. அவ்வர்த்தம் பிறருடன் பழகுவதிலிருந்து பிறக்கிறது. பழகும்போதே அது எடைபோடப்பட்டு மாறவும் செய்கிறது. தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் பண்டத்தையும் அர்த்தத்தையும் ஒருங்கே குறிப்பது இக்கோட்பாட்டைக் கற்பிப்போருக்கு வாய்த்த ஒரு வசதி எனலாம்.

புளூமரின் ஆசான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1894 முதல் 1931 வரை பணியாற்றிய ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட். அவர் தம் வாழ்நாளில் முழுநூல் எதனையும் வெளியிடவில்லை. புகழ்பெற்ற ‘மனம், தான், சமூகம்’ என்னும் நூல், வகுப்பில் எடுக்கப்பட்ட குறிப்புகளிலிருந்து 1934இல் தொகுக்கப்பட்டது. குறிப்பெடுப்பதை வீண்வேலையென எண்ணும் மாணவர்கள் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

‘தான்’ என்னும் உணர்வு பிறவியிலேயே உடன் வருவதன்று என்பது மீட் கண்ட உண்மை. குழந்தை முதலில் அம்மாவாக, கடைக்காரராக, ஆசிரியராக மாறிமாறி நடித்து விளையாடுகிறது. அப்போது ஒரு சமயத்தில் ஒருவருடைய இடத்திலிருந்தே தன்னைக் காண்கிறது. பின்னர் விதிகளுடைய ஆட்டத்துக்கு வருகிறது. மீட் தந்த எடுத்துக்காட்டு பேஸ்பால். தமிழ் மாணவருக்குச் சடுகுடு போதும். பாடிச் செல்பவன் எதிரணியினர் ஒவ்வொருவரும் என்ன செய்வர் என்பதை ஒரே சமயத்தில் மனத்திற்கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வாறு சமூகம் முழுவதன் பார்வையையும் தன்னுள் வாங்கி, அதன்வழியே தன்னை நோக்கக் கற்றவனே முழுமையான ‘தானை’ உடையவனாகிறான். பிறருடைய பார்வையைக் கண்ணாடியாகக் கொண்டு மனிதன் தன்னைக் காண்கிறான் என்று சார்லஸ் கூலி 1902இலேயே எழுதியிருந்தார்.

அவ்வாறாயின், கண்ணாடியே கோணலாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு நிலைமையை உண்மையென மக்கள் கொண்டுவிட்டால், அதன் விளைவுகளும் உண்மையாகவே வந்து சேரும் என்பது வில்லியம் தாமஸும் டாரதி தாமஸும் 1928இல் கூறிய கருத்து. இதற்கு இந்திய வரலாற்றிலேயே கொடிய சான்று ஒன்று உண்டு.

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகத்தினர் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்ற எண்ணத்தின்மீது எழுப்பப்பட்டது. முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த இம்முறை, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவரைப் பதிவேட்டில் சேர்க்கவும், அவருடைய கைரேகையைப் பெறவும், குறித்த நேரங்களில் அவர் தம் இருப்பைத் தெரிவிக்கும்படி செய்யவும் அதிகாரிகளுக்கு உரிமை இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறியவன் எங்கே களவு நடந்தாலும் முதலில் விசாரிக்கப்படுபவன். வெளியூரில் வேலை தேட அனுமதிச்சீட்டு வேண்டும். அச்சீட்டே அவன் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பின் வேலை தருபவர் யார்? பிழைக்கும் வழிகள் அடைபட்டபின் அவர்களுள் ஒருவன் களவில் இறங்கினால், சட்டத்தின் கணிப்பு சரியென அதிகாரி எழுதிவிடுவார். முத்திரையே புதிய பிறழ்வை உண்டாக்கக்கூடும் என்று எட்வின் லெமர்ட் 1951லும், ஹோவர்ட் பெக்கர் 1963லும் எழுதியது இதைப் போன்ற சுழலைத்தான்.

ஆனால் முத்திரை குத்தப்பட்டவர்கள் வாளாவிருந்தார்கள் என்று கொள்வது தவறு. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மதுரை வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது காவல் துறையினர் துப்பாக்கியால் சுட்டனர். பெண் ஒருவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். காவல் துறைக்கு அந்த மைத்தடம் அடையாளம் காணும் உத்தி. மக்களுக்கோ தம் பிறப்பே குற்றமென ஒப்புக்கொள்ளும் கையொப்பம். ஒரே மை, இரண்டு அர்த்தங்கள். குறியீடு என்பது ஏட்டுச்சொல் மட்டுமன்று என்பதற்கு இதனினும் வலிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இங்கேயே இக்கோட்பாட்டின் குறையும் தெரியவருகிறது. அர்த்தம் பழக்கத்தில் பிறக்கிறது என்று அது கூறுகிறது. ஆனால் 1871இல் சட்டம் எழுதியோர் அம்மக்களைக் கலந்து பேசி எழுதவில்லை. அர்த்தத்தை வகுக்கும் வலிமை எல்லார்க்கும் ஒப்ப இல்லை. நிலம், சாதி, ஆட்சி ஆகியவை அதனைப் பங்கிடுகின்றன. இதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை என அமைப்பியல் நோக்குடையோர் சாட்டும் குற்றம் நியாயமானதே. எனினும், அமைப்பு எவ்வளவு பெரிதாயினும் அது இறுதியில் ஒரு மேசைக்கு முன்னும் பின்னும் இருக்கும் இருவர் வழியாகவே செயற்படுகிறது. அவ்விடத்தைக் காணும் கண் இக்கோட்பாட்டிற்கே மிகுதி.

எர்விங் கோஃப்மன் இதில் தேர்ந்தவர். ஷெட்லாந்துத் தீவு விடுதியொன்றில், சமையலறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையிலுள்ள கதவைக் கடந்தவுடன் பணியாளரின் நடையும் பேச்சும் மாறுவதை அவர் எடுத்துக்காட்டினார். அலுவலகங்களிலும் அத்தகைய கதவு உண்டு. முன்னறையில் ‘மனுதாரர்’ ஆனவர் உள்ளறையில் ‘அந்தக் கேஸ்’ ஆகிவிடுகிறார். கோஃப்மன் தம்மை எந்தக் கோட்பாட்டின் பெயராலும் அழைப்பதை விரும்பாதவர் என்பது சுவையான செய்தி.

சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. பெயர் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. ‘சீர்மரபினர்’ என்ற சொல்லிலேயே, மரபு முன்னர்ச் சீர்கெட்டிருந்தது என்ற குறிப்பு மறைந்து நிற்கிறது. 1979இல் தமிழ்நாட்டு அரசாணையொன்று அவர்களைக் குறிக்கும் ‘பழங்குடியினர்’ என்பதைச் ‘சமூகத்தினர்’ என மாற்றியபோது, பழைய சொல்லை மீட்க அம்மக்கள் நெடுங்காலம் வாதாட நேர்ந்தது. வெளியார்க்கு அது ஒரு சொல்; அவர்களுக்கு அதனைத் தொடர்ந்து வரும் உரிமைகளின் வாயில்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதியடிப்படையில் வேலை பிரித்துத் தரும் விதிகளைச் செல்லாதவையாக்கியது. கைதிகளின் பதிவேடுகளில் சாதிக்குரிய பத்தியையும் நீக்கப் பணித்தது. பத்தி நீங்கிய பின்னர்ச் சிறைவாயிலில் புதிதாக வருபவனிடம் என்ன கேட்கிறார்கள், ஊரையும் தந்தை பெயரையும் கொண்டு எதை ஊகிக்கிறார்கள், எந்த முறையில் அவனை விளிக்கிறார்கள் என்பவற்றைப் புள்ளிவிவரப் படிவம் காட்டாது. அம்மேசையருகே பல நாள் பொறுமையாக அமர்ந்து, கேட்டதைக் கேட்டவாறே குறித்துக்கொள்ளும் மாணவர் ஒருவருக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.